பத்தொன்பதாவது பெயர்

முதலிடம் பிராண்ட்லி சக்ஸ், அறுநூற்றுப் பன்னிரண்டு.
இரண்டாமிடம் ஜனெல் ஸ்ட்ரவுட், அறுநூற்றுப் பத்து.
கால்குலேட்டரை மூன்று தடவை தட்டிவிட்டேன்,
வேறு விடை வரவில்லை.

கோபுர ஜன்னலுக்குக் கீழே, கரோலினாவின் நவம்பர் குளிரில்,
கார்களை இழுவை வண்டிகளில் ஏற்றுகிறார்கள்.
கருகின ரப்பர் வாடை என் காபிக்குள்ளேயே இறங்கிவிட்டது.
சக்ஸின் ஆட்கள் பீரைக் குலுக்கிப் பீய்ச்சுகிறார்கள்.
ஜனெல் தன் காருக்கு அடியில் படுத்திருக்கிறாள்,
எதையும் கழற்றுவதற்காக அல்ல என்று நினைக்கிறேன்.

ஓர் இடத்துக்கு இரண்டு புள்ளி. அதுதான் இங்கே விதி.
ஜூன் மாதப் புழுக்கத்தில், கடைசிச் சுற்றில்,
நான்காம் வளைவில் அவளை ஒரே ஒரு கார் தாண்டியது.
அது சக்ஸ் இல்லை.
கதவில் கையால் எழுதின நாற்பத்தேழு,
வெர்லின் ஓக்ஸ்.

அன்றைக்கு அவன் பட்டியலில் மூன்றாவது.
ஜூலையில் கோழி ஆலை அவனுக்கு
சனிக்கிழமை இரவு ஷிப்ட் போட்டது.
அவ்வளவுதான். சுவரில் மோதவில்லை, ஆம்புலன்ஸ் வரவில்லை.
இருநூற்று முப்பத்தொன்றில் நின்றுபோன எண்ணை
வாராவாரம் அப்படியே எழுதினேன்.
எண் அசையவில்லை, அவன் மட்டும் இறங்கினான்:
ஐந்து, எட்டு, பன்னிரண்டு,
போன வாரம் பதினெட்டு.

இன்று ராத்திரி கோய் ஹெய்த்காக்,
வருஷம் முழுக்க முதல் பத்துக்குள் முடிக்காதவன்,
ஒரு சனியும் தவறாதவன்,
காற்றுப்போன டயரைத் தேய்த்துக்கொண்டே கோட்டைத் தாண்டினான்.
இருநூற்று முப்பத்துமூன்று.

பட்டியலை ஹாட்டாக் கடைப் பலகையில் குத்தும்போது
நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கமிருந்து வெர்லின் வந்தான்,
வெள்ளை ரப்பர் பூட்ஸ், தலையில் வலை, இருபது நிமிஷ இடைவேளை.
"லாரி ஏற்றுமேடை வரைக்கும் சத்தம் கேட்டது" என்றான்.
"ஒரு சிலிண்டர் செத்து ஓடினதே, அது யாருடையது?"
கோயுடையது என்றேன்.

விரல் கீழிருந்து மேலே போனது.
தன் பெயரில் நிற்கவில்லை. இரண்டில் நின்றது.
ஒன்றுக்குப் போனது. மறுபடி இரண்டு.
உதட்டுக்குள் கழித்துப் பார்த்தான் போலிருக்கிறது.

"பத்தொன்பதுக்கும் காசு உண்டா?"
"பதினெட்டு வரைக்கும்தான்."
"சரி, கோய் ஒரு டயர் வாங்கட்டும்."

தூரத்தில் ஜனெலின் ஷூக்கள் மட்டும்
காருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.
அந்தப் பக்கம் நாலடி வைத்தான்,
கடிகாரம் பார்த்தான்,
திரும்பிப் போய்ச் சாலையோரம் நின்றான்,
கோழிக் கூண்டு லாரிகள்
ஒவ்வொன்றாகக் கடந்து முடிகிறவரை.