சேருமிடம்

கோரிமேட்டில் டோக்கன் எழுபத்து மூன்று.
நோயாளி மட்டும் உள்ளே என்று கதவில் எழுதியிருந்தது.
"குடுத்தது நான்தான்" என்றேன்.
குமுதவல்லி மேடம்
காலால் ஒரு ஸ்டூலைத் தள்ளிவிட்டார்.

சவரிராயன் சட்டையைத் தூக்கிக்கொண்டு படுத்தார்.
வலது அடிவயிற்றில் தழும்பு,
அவர் ஓட்டும் டெம்போவின் பம்பர்போலக் கோணலாய்.

நான்கு மாதம்.
மூன்று மாத்திரைக்கும் இறங்காத பிரஷர்.
கிரியாட்டினின் ஒன்றேகாலிலிருந்து இரண்டேகாலுக்கு.

ஒரு வாரமாய் அவர் சட்டைப் பையை மோந்துகொண்டிருந்தேன்.
சந்தேகத்துக்கு இந்த ஊரில்
நூறடிக்கு ஒரு கடை.
மாத்திரை அட்டையில் காலிக் குழிகளை எண்ணினேன்.
நெல்லித்தோப்பிலிருந்து அவருடைய அக்கா போன் செய்து
"ஒன்னோடது அவனுக்கு ஒத்துக்கலயோ?" என்றாள்,
குழம்பில் உப்புப் பார்த்தவள்போல லேசாக.
அன்றிரவு என் இடது விலாவுக்குக் கீழே
இல்லாதது வலித்தது.

நேற்று ஒரு சின்ன டாக்டர்
தழும்பை ஒட்டி ஸ்டெதஸ்கோப் வைத்து
வெகுநேரம் குனிந்திருந்தார்.
"காத்து எறங்குற டயர் மாதிரி சத்தம் வருது."
"முன் டயரா, பின் டயரா?"
இவர் மட்டும்தான் சிரித்தார்.

இப்போது ஜெல்.
திரையில் சாம்பலாய் ஓர் அவரை விதை.
முப்பத்தெட்டு வருஷம் என்னோடு இருந்தது,
முகம் பார்த்ததில்லை.
வீக்கமில்லை, சுற்றிலும் நீரில்லை,
சிரையில் கட்டியில்லை.
மேடம் முணுமுணுத்துக்கொண்டே போனார்,
இருட்டில் கதவிலக்கம் தேடுபவர்போல.

"மூச்சப் பிடிங்க."
அவர் பிடித்தார். நானும்.

சத்தத்தைத் திறந்தார்.
விதைக்குள் கிளைகிளையாய்
ஏற மனமில்லாத அலை,
தேங்காய்த்திட்டுக் கழிமுகத்தில் வற்றுநேரத் தண்ணீர்.
கருவியைச் சாய்த்து வேருக்கு வந்தார்.
சட்டென்று ஒரு சீறல்.
சிவப்பு இருந்த இடத்தில்
மஞ்சளும் பச்சையும் சிதறின.
நொடிக்கு முந்நூற்று நாற்பது சென்டிமீட்டர்.
"எரநூறத் தாண்டக் கூடாது."

"எந்த எடம் மேடம்?"
"தச்ச எடம். அவர் ரத்தக்குழாயும் உங்களதும்
சேர்ற எடம். அங்கதான் சுருங்கியிருக்கு."

பதினாறு வருஷக் கல்யாணத்தில்
யாரும் இத்தனை துல்லியமாய்
விரல் வைத்துக் காட்டியதில்லை.

அவர் குடிக்கவில்லை.
என்னுடையது ஒத்துக்கொள்ளாமலும் இல்லை.
வாசல் குறுகிப் பசியில் கிடந்திருக்கிறது,
பத்தாது, இன்னும் அழுத்து, இன்னும் அழுத்து என்று
உடம்பெல்லாம் ஆள் அனுப்பிக்கொண்டு.

"அம்மா, நீங்க மூச்சு விடலாம்" என்றார் மேடம்
திரும்பாமலே.

வியாழக்கிழமை ஆஞ்சியோ.
பலூனை விட்டு அகட்டுவார்களாம்,
நிற்காவிட்டால் ஸ்டென்ட்டாம்.
டிஷ்யூவால் வயிற்றைத் துடைத்துவிட்டேன். கூசுது என்றார்.
எழுந்தபோது பையிலிருந்து சில்லறை சிதறியது,
இரண்டு பத்து ரூபாய்த் தாளும்.
பொறுக்கி உள்ளே போட்டேன்.

"மோந்து பாக்கலயா?"
என்றார்.