கேட் போட்டிருக்கும்போது ஏழாம் பாடம்

நீடாமங்கலம் கேட் போட்டாச்சு.
நெல் ஏற்றிய கூட்ஸ்,
பெட்டி பெட்டியாக, நகர்வதாகவே தெரியவில்லை.
பைக்கை அணைத்துவிட்டு
காதில் குரோஷிய மொழி.

ஆள்தான் அங்கே இன்ஜின். முதலில் வந்துவிடுகிறான்.
பின்னால் ஒரு கொக்கி: கொயி.
மற்றதெல்லாம் அதில் மாட்டிக்கொண்டு வருகிறது.
நமக்கு எல்லாப் பெட்டியும் போன பிறகே ஆள்.

"நாலு லட்சம் கொடுத்த ஆள்" என்று
வீட்டில் பேச்செடுத்தால்
தையல்நாயகி கேட்பாள், எந்த ஆள்?
வட்டிக்கு எனக்குக் கொடுத்த வடுவூர்க்காரரா,
விசாவுக்கு நான் கொடுத்த தஞ்சாவூர் ஏஜென்டா?
அந்த மொழியில் கேட்கவே வேண்டாம்.
கொடுத்தவர் கொயி.
வாங்கிக்கொண்டவர் கொயெமு.
போன் எடுக்காதவர்,
அவரும் கொயிதான்.

வெல்டிங் வேலை, ரியேகா துறைமுகத்தில்.
ரியேகா என்றால் ஆறு என்கிறது பாடம்.
பெண்பால், அதனால் கொயா.
வாக்கியத்தை முடிக்கச் சொல்கிறது.

ரியேகா கொயா...

மேட்டூர் திறந்து இருபது நாளாகியும்
மூணாறு தலைப்பு தாண்டி
எங்கள் வாய்க்காலுக்கு இன்னும் வராத,
வரும் வரும் என்று நாற்றுவிட்டவனை
டீசல் வாங்க ஓடவைத்த,

இன்ஜினே இல்லாமல்
இத்தனை பெட்டி சேர்த்துவிட்டேன்.
பின்னால் ஹாரன்.
கேட் திறந்தாச்சு.