கஸ்பாவில் பதினொரு நாள்

காட்பாடியில் இறங்கும்போது விடியற்காலை மூன்றே கால்.
"ஆஸ்பத்திரியா, லாட்ஜா?" என்றார் ஆட்டோக்காரர்,
என் பையைப் பார்த்து, அதைவிட என் முகத்தைப் பார்த்து.
கஸ்பா என்றேன்.
"அட, நம்மூரா" என்று நாற்பது ரூபாய் குறைத்தார்.

பாலத்தின் மேல் போகையில் எட்டிப் பார்த்தேன்.
மணல்தான்.
எங்கள் ஆற்றின் பெயருக்கு என்ன அர்த்தம் என்று
அட்ரே முகாமில் ஒருத்தியிடம் சொல்லியிருக்கிறேன்.
மடியில் மகன், மூக்கில் குழாய்.
ஆறு முழுக்கப் பாலா? என்றாள்.
இல்லை, மணல் என்றேன்.
அப்போதுதான் சிரித்தாள்.
அவள் ஊர் ஆறும் அப்படித்தானாம்.

அந்த மகன் இத்ரிஸ்.
வந்த அன்று புஜத்தின் சுற்றளவு பத்து புள்ளி நான்கு: சிவப்பு.
நான் கிளம்பிய அன்று பதினொன்று புள்ளி இரண்டு: அதுவும் சிவப்புதான்.
ஒப்படைப்புத் தாளில் ஏழாவது வரியாக அவனை எழுதி
கையெழுத்துப் போட்டு
ஜீப்பில் ஏறிவிட்டேன்.
'ஏழாவது படுக்கை எப்படி?' என்று அனுப்பியதற்கு
இன்னும் ஒற்றை டிக்.

இரண்டாம் நாள் அண்ணி கேட்டே விட்டாள்:
"அடுக்கம்பாறை வார்டுல இல்லாத புள்ளைங்களா,
பிளேன் ஏறிப் போய்த் தேடிகினு இருக்க?"
மீன் உரசும் சத்தத்தில் கேட்காத மாதிரி இருந்தேன்.
முதல் தடவை போனது அழைப்பு வந்து என்று
சபையில் சாட்சி சொன்னவள் நான்.
நிஜத்தில் அந்த வருஷம்
இந்த வீட்டின் எல்லாக் கதவும் என் மேல் இடித்துக்கொண்டிருந்தன.
இரண்டாம் தடவைக்கு அதுகூட இல்லை.
தெரிந்த வேலை, அவ்வளவுதான்.
தெரிந்த வேலை எங்கே இருக்கிறதோ அங்கே.

இப்போது காக்ஸ் பஜார்.
காந்தி ரோட்டு மருந்துக்கடையில் லோகநாதன் இருக்கிறான்.
வங்காளத்தை அவன் வரைபடத்தில்கூடப் பார்த்ததில்லை.
ஆனால் லாட்ஜுகளில் வந்து தங்கும் நோயாளிகள் புண்ணியத்தில்
பேதியை மூன்று விதமாக விசாரிக்கத் தெரியும்.
தினம் ஒரு மணி நேரம் பாடம்.
எத்தனை நாளா: கொதோதின்.
பால் குடிக்கிறதா: தூத் காய்?
காய் இல்லக்கா, கொஞ்சம் தள்ளி, தொண்டையிலிருந்து.
அங்கே முகாமில் பேசுவது வேறயாம்,
பாதியாவது ஒட்டும் என்றான்.
பாதி போதும். அட்ரேயில் கால்வாசியை வைத்து ஓட்டினேன்.

பக்கத்து வீட்டு சுமையாவுக்கு மூன்று வயது முடியவில்லை.
மாடிப்படியில் பிஸ்கட்டோடு உட்கார்ந்திருந்தவளின் கையை
என்னை அறியாமல் பிடித்து
கைப்பையிலிருந்த நாடாவைச் சுற்றிவிட்டேன்.
பதினைந்தரை. பச்சையிலும் நல்ல பச்சை.
"வளையலுக்கா அளவு?" என்றாள் அவள் அம்மா, சிரித்துக்கொண்டே.
ஆமாம் என்றேன்.
வேறென்ன சொல்ல.

சுமையாவுக்கு நான் காலா.
அட்ரேயில் கால்தி என்பார்கள்.
லோகநாதனின் பட்டியலிலும் அதே காலா,
தாயுடன் பிறந்தவள்.
எந்த ஊரிலும் என்னை இதற்கு மேல் உயர்த்தவில்லை.
பெற்றவளுக்குப் பக்கத்தில்,
அவள் முகம் கழுவப் போகும் ஐந்து நிமிஷம்
பிள்ளையை வாங்கிக்கொள்கிறவள்.
எங்கள் வீட்டில் சின்னம்மா என்போம்.
சின்ன அம்மா.
சின்ன என்பதை நான் இத்தனை நாள்
கவனித்ததே இல்லை.

கிளம்பும் அன்று நாடாவைக் காணோம்.
சுமையா மணிக்கட்டில் மூன்று சுற்றுச் சுற்றி
சிவப்பு வெளியே தெரிய மாட்டியிருக்கிறாள்.
கேட்டால் கையைப் பின்னால் ஒளித்துக்கொள்கிறாள்.
போகட்டும்,
அங்கே பெட்டி பெட்டியாக இருக்கும்.

அண்ணி டிபன் பாக்ஸில் புளிச்சோறு கட்டியிருந்தாள்.
"பாக்ஸ திருப்பிக் கொண்டாந்துரு" என்றாள்.
அவளுக்குத் தெரிந்த விதத்தில் சொன்ன வார்த்தை அது.

வாலாஜா தாண்டும்போது போனை எடுத்துப் பார்த்தேன்.
இரண்டு டிக்.
பதில் இல்லை.
சோளிங்கர் வரை
'டைப் செய்கிறார்' என்று
வந்து வந்து போய்க்கொண்டிருந்தது.