அட்டை தென்படவில்லை

ரீடரின் பச்சை விளக்கு சிமிட்டுகிறது.
அட்டை உள்ளேதான் இருக்கிறது, தொட்டுப் பார்த்துவிட்டேன்.
"அட்டை தென்படவில்லை" என்கிறது பிரவுசர்,
எதிரே நிற்பவளிடமே
ஹெல்வே வீட்டில் இல்லையா என்று கேட்கும் குரலில்.

கார்ட்லாவில் இன்று மைனஸ் பதினான்கு.
கடைசி ஃபெர்ரி போய் இரண்டு மணி நேரம்.
அடுப்பில் பிர்ச் விறகு, மேசையில் ஆறிப்போன காபி,
நாளை ஒன்பதுக்குள் நான் கையெழுத்திட வேண்டிய
ஒரே ஒரு பக்கம்.

இந்தக் கணினிக்கு லினக்ஸ் போட்டவன் தைவோ.
வைரஸ் அண்டாது, காசும் கேட்காது என்றான்.
இரண்டும் உண்மை.
அவன் தாலினுக்குக் குடிபோய்ப் பதினோரு மாதம்.
அதுவும் உண்மை.

முதலில் பிளக்இன் இல்லை.
பிறகு இருந்தது, பிரவுசருக்குத் தெரியவில்லை.
பிறகு எனக்குத் தெரிந்தது:
இது முப்பத்திரண்டு பிட், அது அறுபத்துநான்கு.
ஒரே வீட்டில் இருந்தும் பேச்சுவார்த்தை கிடையாது.
சிரித்துவிட்டேன்.
தனியாகச் சிரித்தால் அறை கொஞ்சம் பெரிதாகிவிடுகிறது.

சரியான கோப்பு அகப்பட்டபோது மணி பதினொன்று.
அதைத் தூக்கிக்கொண்டு வர வேண்டாமாம்,
இருக்கிற இடத்தைச் சுட்டி ஓர் இணைப்பு போதுமாம்.
கண்ணி எண்ணிப் பின்னுகிறவள்போல
ஒவ்வொரு சாய்கோட்டையும் எண்ணித் தட்டினேன்.

அனுமதி மறுக்கப்பட்டது.

முன்னால் சூடோ சேர்த்தேன்.
கடவுச்சொல் கேட்டது. அவன் வைத்த சொல்.

ஹாஹ்க்.
தும்மல்போல ஒரு பெயர்.
எங்கள் கரையில் கடல்வாத்தை அப்படித்தான் சொல்வோம்.
எங்கள் படகையும்.
பின்னால் அதை வாங்கிய ஆண்டு.
தட்டத் தட்டத் திரையில் எதுவும் விழவில்லை,
ஒரு புள்ளி, ஒரு நட்சத்திரம்கூட.
பாழுங்கிணற்றில் கல்லைப் போட்டுவிட்டுக்
காது கொடுத்து நிற்பதுபோல் இருந்தது.

ஏற்றுக்கொண்டது.

பின்னணியில் ஏதோ ஒரு சேவை தூங்கிக்கொண்டிருந்தது,
அதையும் எழுப்பினேன்.
பிரவுசரை மூடித் திறந்தேன்.
வந்தது என் பெயர், முழுசாக,
அவன் குடும்பப் பெயரோடு.
வாசலில் யாரோ கூப்பிட்டதுபோல நிமிர்ந்தேன்.

பிறகு அந்தப் பக்கம் திறந்தது:
மரப்படகு ஒன்று. நீளம் ஐந்து மீட்டர் அறுபது.
பெயர் ஹாஹ்க். பாதி அவனது, பாதி எனது.
வாங்குபவர் கைனாவில் ஒரு பல் மருத்துவர்.

ஐந்து இலக்கம் தட்டினேன்.
மூன்று மணி நேரம் மல்லுக்கட்டியதற்கு
இரண்டு நொடி.
பச்சை டிக், தேதி, நேரம்.

அட்டையை உருவி, பர்ஸில்
நூலக அட்டைக்குப் பின்னால் செருகினேன்.
விறகு கடைசியாக ஒருமுறை வெடித்தது.
கருப்புத் திரை இன்னும் திறந்தே இருக்கிறது, கர்சர் துடிக்கிறது.
கடவுச்சொல்லை மாற்ற ஒரே ஒரு கட்டளைதான்.

முதலில்
பழையதை ஒருமுறை தட்டச் சொல்லும்.