சதுரம்

நாங்கள் வட்டத்தில் பிறந்தவர்கள்.
குடிசை வட்டம், மாட்டுப்பட்டி வட்டம்,
போருக்குப் போனாலும் வளைத்துத்தான் போவோம்.
உலுண்டி வெளியில் அன்று காலை
சிவப்புச் சட்டைகள் சதுரமாய் நின்றன.
வாசலே வைக்காத வீடு.

அண்ணன் பெக்கிஃபாவின் கேடயம்
அவனே மேய்த்த காளையின் தோல்.
விலாவில் வெள்ளைத் திட்டு.
பெயர் சொன்னால் திரும்பிப் பார்க்கும்,
மெல்லுவதை நிறுத்தாது.
அதன் பின்னால் குனிந்து ஓடினான்.

முப்பது அடிதான் இருந்ததாம்
ஈட்டிக்கும் அந்தச் சுவருக்கும்.
அதற்குள் சுழல் துப்பாக்கி
எத்தனை முறை இருமியதோ,
மாடு எண்ணிப் பழகிய எங்களுக்கு
அந்தக் கணக்கு வரவில்லை.

பிறகு சுவர் திறந்தது.
உள்ளிருந்து குதிரைகள்.
குதிரைமேல் இருந்தவர்கள் கையிலும்
ஈட்டி.

மதியத்துக்குள் அரசனின் ஊர் புகையாகிவிட்டது.

களத்தில் அண்ணன் கிடைக்கவில்லை,
கேடயம் கிடைத்தது.
மூன்றாம் இரவு
நானும் அண்ணி தோகோசிலேயும்
பட்டியின் சாம்பலை விலக்கி
தானியக் குழியின் கல்லைப் புரட்டினோம்.
புளித்த சோள வாடை.
அவர்கள் எரிக்க மறந்தது.

அள்ளிப்போக ஒன்றுமில்லை.
அண்ணி கேடயத்தை மல்லாத்தினாள்.
ஓட்டைகளை அடைக்கப் புல் பிடுங்கினேன்.
வெள்ளைத் திட்டில் மட்டும்
மூன்று.