உதிரிகள்

எங்களுக்கென்று திடல் கிடையாது.
அதனால் பருவம் முழுக்க வெளியூர் ஆட்டம்தான்.

ஞாயிறு விடிகாலை நான்கு மணி,
செந்தூல் மார்க்கெட் எதிரே
பரஞ்சோதியின் பள்ளிக்கூட வேன்.
கூரைமேல் சுருட்டிக் கட்டிய தேங்காய்நார்ப் பாய்.
பின்சீட்டில் பதினோரு பைகள்,
ஆட்கள் ஒன்பது.
வடக்கே போகிற நாளில்
மீதி இருவரை ரவாங் டோலில் ஏற்றுவோம்,
எழுந்திருந்தால்.
மட்டை மூன்றுதான் உருப்படி.
இடுப்புக்குக் கீழே கட்டுகிற கவசம் ஒன்றே ஒன்று,
அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

நான் ஆடுவதில்லை. எழுதுகிறேன்.
ஓட்டமில்லாத பந்துக்கு ஒரு புள்ளி.
ஆறும் புள்ளியாகவே விழுந்தால்
கோடிழுத்துச் சேர்க்க வேண்டும், மெய்டன்.
கோலம் வராத என் கைக்கு
அது ஒன்று வரும்.

நோட்டின் விளிம்பில் வேறு கணக்கு ஓடும்.
ஈப்போ, பதினான்காவது ஓவர்:
மணிமாறனுக்குப் பெண் குழந்தை, மூன்று கிலோ நூறு.
சிரம்பான்: பந்து பெருங்கால்வாயில் விழுந்தது.
உடும்பு ஒன்று பக்கத்தில் இருந்தது.
யாரும் இறங்கவில்லை. புதுப் பந்து நாற்பது வெள்ளி.
கிள்ளான்: ஹர்சரணின் அம்மா கொடுத்தனுப்பிய சப்பாத்தி
அறுபத்திரண்டு. தோல்வி, எட்டு விக்கெட்.

பைஸ் ஓட்டங்களெல்லாம் கீப்பர் விட்டவை.
கீப்பர் என் வீட்டுக்காரர்.
எழுதும்போது என் பென்சில் தயங்காது,
வீடு சேரும்வரை அவர் வாய் திறக்கமாட்டார்.

ரபியுலுக்கு
மாதத்தில் இரண்டு ஞாயிறுதான் விடுப்பு.
அந்த இரண்டில்தான் நாங்கள் ஜெயித்தோம்.
மற்ற நாளெல்லாம் கையுறைத் தொழிற்சாலை.
தமிழில் அவனுக்குத் தெரிந்தது
ஓடு, வேணாம்.
இரண்டு விக்கெட்டுக்கு நடுவே
அதற்குமேல் எதற்கு மொழி?

பினாங்கு, ஆயர் ஈத்தாம், பள்ளித் திடல்.
மலை தெரிகிறவரை ஆட்டம் உண்டு,
மறைந்தால் பாயைச் சுருட்டு என்று
உள்ளூர்க்காரர்கள் சொல்லிவைத்திருந்தார்கள்.
பாதி மலை போயிருந்தது.
ரபியுல் நாற்பத்தொன்பது.

பந்து அவன் பேடில் பட்டு
பின்பக்கம் உருண்டது.
ஓடு, ஓடு.
அம்பயர் முழங்காலைத் தூக்கித் தட்டினார்,
லெக் பை.
பார்த்தேன் என்று கையை உயர்த்தினேன்.
குனிந்து,
அவன் பெயருக்கு நேரே ஒன்று போட்டேன்.

மொத்தம் மாறவில்லை.
உதிரிகளில் கிடக்கவேண்டிய ஒன்று
ஓர் ஆளிடம் போய்ச் சேர்ந்தது, அவ்வளவுதான்.

எதிரணிக்கு எழுதிய சூ லின் டீச்சர்
என் நோட்டைப் பார்த்தார்,
அம்பயரைப் பார்த்தார்,
மலை இருந்த இடத்தைப் பார்த்தார்.
தேநீரில் முக்கிய பிஸ்கட்
ஒடிந்து உள்ளே விழுந்தது.
பிறகு என் அழிப்பானைக் கேட்டார்.

மழை. ஆட்டம் அத்தோடு சரி.

பாலத்தில் வேன் ஏறும்போது
தொலைபேசியில் யாருக்கோ
என் நோட்டைக் காட்டினான்.
பொஞ்சாஷ், பொஞ்சாஷ் என்றான்.
ஐம்பதுக்கு இரண்டாவது பெயர்
எங்கள் எல்லாருக்கும் அன்று தெரிந்தது.
ஹர்சரண் தைப்பிங் வரைக்கும் கத்திக்கொண்டு வந்தான்.

அடுத்த முறை
ரவாங் டோலில் இருபது நிமிடம் நின்றோம்.
தொழிற்சாலையை ஜொகூருக்கு மாற்றிவிட்டார்களாம்.
பர்மிட் முடிந்துவிட்டதாம்.
இரண்டும் இல்லை என்றான் விடுதிக் காவலாளி,
எது என்று சொல்லவில்லை.
எண் உபயோகத்தில் இல்லை.

டிசம்பரில் வாழையிலைக் கடையின் மாடியில்
ஆண்டுக் கூட்டம்.
மீன்குழம்பு வருவதற்குமுன் கணக்கு வாசித்தேன்.
பருவத்தின் ஒரே அரைச்சதம்: ரபியுல்.
கை தட்டினார்கள்.
கேடயத்தை வாங்க ஆளில்லாமல்
பில் மேசையில் வைத்தோம்.
கூட்டல் சரி என்று
பொருளாளர் கையெழுத்துப் போட்டார்.

அவன் பை இன்னும் பின்சீட்டில் இருக்கிறது.
வடக்கே போகிற ஞாயிறுகளில்
டோல் தாண்டியும் கொஞ்ச தூரம்
இரண்டாம் கியரிலேயே போகிறார் பரஞ்சோதி.
கிளட்ச் தகராறு என்கிறார்.