அறுத்த கயிறு

இரவு இரண்டு நாற்பது.
கிருஷ்ணகிரி அரசு மருத்துவமனை ஆய்வகம்.
நீல மூடிக் குழாயில்
திம்மராயன், வயது நாற்பத்தாறு, வேப்பனஹள்ளி.
மாங்கூழ் டின் ஏற்றிப் போய்
துறைமுக வரிசையில் ஒரு பகலும் ஓர் இரவும்
சீட்டை விட்டு இறங்காதவர்.
இடது கால் மட்டும்
வேறு யாருடையதோ போல் வீங்கியிருக்கிறதாம்.

கறுப்பு அட்டையில் பிளாஸ்மா ஒரு சொட்டு.
அதன்மேல் பாலாக ஒரு சொட்டு லேடெக்ஸ்.
கண்ணுக்கெட்டாத ஒவ்வொரு மணியிலும்
உண்டிவில் கவட்டைகள்போல்
எதிர்ப்பொருள்கள் விரிந்து நிற்கின்றன.
எந்த ஊரிலோ ஓர் எலியின் மண்ணீரல்
கற்றுக்கொண்ட பாடம் அது.
அந்த எலி லாரியைக் கண்டதில்லை.

கவட்டைக்கு எழுத்து தெரியாது, பேர் கேட்காது.
தடவிப் பார்க்கும்:
ஒரு மேடு, ஒரு குழி, கொஞ்சம் வளைவு.
உறையாத ஃபைப்ரினோஜன்
கோடி கோடியாய் இடித்துக்கொண்டு போகிறது,
அதே சதை, அதே சங்கிலி.
இது திரும்பியும் பார்ப்பதில்லை.

ரத்தம் உறைந்து
இரண்டு முனைகள் பக்கத்தில் வந்து
பதின்மூன்றாம் காரணி அவற்றைத் தைத்த பிறகுதான்
அந்த இடுக்கு பிறக்கிறது.
அதற்கு முன் அப்படியொரு வடிவமே இல்லை.
பின்னாலேயே வருகிறது பிளாஸ்மின், வெட்டிக்கொண்டு.
தையலை அதனால் வெட்ட முடியாது.
இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம்
நறுக்கி, ஓடையில் விடுகிறது.

லோடு இறக்கிய லாரியின் தரையைப் பார்த்திருக்கிறேன்.
அவசரத்தில் அறுத்தெறிந்த தார்ப்பாய்க் கயிறு
சாண் சாணாய்க் கிடக்கும்,
முடிச்சு அவிழாமல்.
என்ன ஏற்றினார்கள், சொல்லாது.
எங்கே கட்டினார்கள், சொல்லாது.
கட்டினார்கள்.

மூன்று நிமிடம் அட்டையை ஆட்ட வேண்டும்.
பால் பாலாகவே இருந்தால்
டீ குடிக்கப் போகலாம்.
இரண்டாம் நிமிடத்திலேயே ஓரத்தில் மணல்.
பிறகு நடுவில்.
பிறகு அட்டை முழுக்கத் திரிந்த பால்.

"பாசிட்டிவ் சிஸ்டர்."
"எந்த இடத்துலன்னு தெரியுமா?"
தெரியாது.
காய்ச்சலுக்கும் இதே மணல் விழும்,
அறுவை செய்த வயிற்றுக்கும்.
போன ஆடியில் என் ரத்தத்திலும் விழுந்தது,
அப்போது மகள் உள்ளே எட்டு மாதம்.
காலை ஒன்பதுக்கு ஓசூரிலிருந்து
ஸ்கேன் டாக்டர் வருவார்.

ஜன்னல் கம்பிக்கு வெளியே கிளீனர் பையன்,
தூக்கம் ஒட்டிய முகம்.
"அண்ணன் வண்டிச் சாவி கேக்குறாருக்கா.
இன்னொரு லோடு இருக்காம்."
கொடுத்துடாதே என்கிறேன்.
தலையாட்டிவிட்டு
சாவியை டிராயருக்குள் போட்டுக்கொள்கிறான்,
எதற்கும் இருக்கட்டும் என்று
அதன் நாடாவைத் தன் அரைஞாணில்
இரண்டு தடவை முடிந்தபடி.